வேலை ஓய்ந்த பொருள்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையின் சொகுசு விடுதிகளிலும், நெடுஞ்சாலையோர உணவகங்களிலும், வசதியுள்ளவர்கள் ஊருக்கு வெளியே கட்டிக்கொள்ளும் பண்ணை வீடுகளிலும் இன்று தோட்டம் என்றால் செடிகொடி மட்டும் போதுவதில்லை. ஒரு காலத்தில் கல்யாண வீட்டுப் பாயசம் கொதித்த வெண்கல உருளி, தண்ணீரும் மிதக்கும் பூக்களுமாக வாசலில் உட்கார்ந்திருக்கிறது. புல்தரையில் ஆட்டுக்கல் கிடக்கிறது, அதன் குழியில் குருவிக்குத் தண்ணீர். மதிற்சுவரில் மாட்டுவண்டிச் சக்கரம் சாய்ந்திருக்கிறது. எந்த ஊரின் எந்தத் திண்ணையையோ தாங்கிய மரத்தூணில் முல்லைக்கொடி ஏறுகிறது. இந்த அலங்காரத்தில் சமையலறை இருக்கிறது, வயல் இருக்கிறது, வீடு இருக்கிறது. தறி மட்டும் இல்லை. விவசாயத்துக்கு அடுத்தபடியாக இந்த மண்ணில் அதிகம் பேருக்குச் சோறு போட்ட தொழில்களில் ஒன்று நெசவு. ஊருக்கு ஊர் தெரு தெருவாகத் தறிகள் ஓடியிருக்கின்றன. அப்படியிருந்தும் அந்தத் தொழிலின் கருவி தோட்டத்துக்கு வந்து சேரவில்லை. ஏன் என்று கேட்டால், பழம்பொருளை வைத்துத் தோட்டத்தை அழகுபடுத்தும் வழக்கத்தின் வரலாறே அந்தக் கேள்விக்குள் இருப்பது தெரியும்.

ஒரு கருவி அழகாகத் தெரியத் தொடங்குவது அதன் வேலை ஓய்ந்து ஏறத்தாழ ஒரு தலைமுறை கழிந்த பிறகுதான் என்பது என் வாதம். உழைத்துக்கொண்டிருக்கும் கருவியை யாரும் நின்று பார்ப்பதில்லை. வேலை நின்றதும் அது இடத்தை அடைக்கும் தட்டுமுட்டுச் சாமான் ஆகிவிடுகிறது. அதைச் சுற்றியவர்களும் இடித்தவர்களும் மிதித்தவர்களும் ஓய்ந்து, அந்த வேலையின் உடல்வலி தெரியாத பேரப்பிள்ளைகள் தலையெடுத்த பிறகே அது பழம்பொருள் என்ற மதிப்பைப் பெறுகிறது. தட்டுமுட்டுச் சாமானுக்கும் பழம்பொருளுக்கும் நடுவே உள்ள அந்த இருபது முப்பது ஆண்டு இடைவெளியில் பெரும்பாலானவை அடுப்புக்கும் காயலான் கடைக்கும் போய்விடுகின்றன. தோட்டங்களில் நாம் காண்பது அந்த இடைவெளியைத் தாண்டிப் பிழைத்தவற்றை மட்டுமே. திருத்தணி மலைக்கோயிலின் சுற்றுவட்டாரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் பொதட்டூர்பேட்டையின் கைத்தறிகள் இப்போது அந்த இடைவெளிக்குள்தான் இருக்கின்றன. ஆகவே இது அந்த ஊருக்கு வெறும் ரசனை விஷயமில்லை. எதைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று முடிவெடுக்க மிச்சமிருக்கும் அவகாசம் பற்றிய விஷயம்.

பழைய சாமானைத் தோட்டத்தில் வைப்பது வெள்ளைக்காரரிடம் கற்ற பழக்கம் என்று சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. தமிழ் வீட்டின் கொல்லைப்புறம் எப்போதுமே வேலை ஓய்ந்த பொருள்களின் இடமாகத்தான் இருந்தது. அங்கே இறங்குமுகமான ஒரு படிவரிசை உண்டு. தேய்ந்துபோன அம்மி கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லாகும். விளிம்பு உடைந்த உரல் கோழிக்கும் நாய்க்கும் தண்ணீர்த் தொட்டியாகும். அடி ஓட்டையான குடத்தில் மண் நிரப்பிக் கற்றாழை வைப்பார்கள். கசியும் பானையை அவரைப் பந்தலின் அடியில் புதைத்துத் தண்ணீர் ஊற்றி வைத்தால் அது வேருக்குச் சொட்டுச் சொட்டாக ஈரம் கொடுக்கும். செல்லரித்த கதவின் நல்ல பலகை மாட்டுக்கொட்டகைக்குத் தடுப்பாகும். பயன் குறைந்தாலும் மரியாதை முழுதாகப் போவதில்லை. அம்மியின் மேல் உட்காராதே, உரலை உதைக்காதே என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். கல்யாணத்தில் மணமகள் கால்வைக்கும் கல்லாயிற்றே. இந்த ஏற்பாட்டில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. பொருளுக்கு ஒரு வேலை போனால் இன்னொரு வேலை கிடைத்தது, சும்மா நிற்க அதை யாரும் விடவில்லை. அது எந்த வீட்டைச் சேர்ந்ததோ அந்த வீட்டு எல்லைக்குள்ளேயே இருந்தது. இது யார் சீதனமாகக் கொண்டுவந்த உரல், எந்த ஆண்டு வெள்ளத்தில் உடைந்தது என்பதெல்லாம் கேட்காமலே எல்லோருக்கும் தெரியும்.

புதிய அலங்காரம் இங்கேதான் பழைய கொல்லையிலிருந்து பிரிகிறது. இதில் பொருள் விலைக்கு வாங்கப்படுகிறது, தன் வீட்டை விட்டு வெளியேறுகிறது, வேலை எதுவும் இல்லாமல் பார்வைக்கு நிற்கிறது. இந்த வடிவத்துக்கு உலகப் புகழ் தேடித் தந்தது 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்கால இங்கிலாந்து. கூலித் தொழிலாளியின் சிறு வீட்டு முன்புறத்தில் கீரையும் மூலிகையும் பூவும் கலந்து வளர்ந்த காட்டேஜ் தோட்டத்தை வில்லியம் ராபின்சனும் கெர்ட்ரூட் ஜீக்கிலும் எழுத்தாலும் செயலாலும் மேட்டுக்குடியின் ரசனையாக்கினார்கள். அந்த ரசனை பிறந்த காலத்தைப் பார்க்க வேண்டும். 1870-களிலிருந்து ஆங்கில விவசாயம் பெரும் சரிவில் இருந்தது, கிராமத்து மக்கள் ஆலை நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எலி ஏறாமல் தானியக் களஞ்சியத்தைத் தூக்கி நிறுத்திய காளான் வடிவக் கற்கள், களஞ்சியங்கள் போனபின் தோட்ட வாசல்களுக்கு நகர்ந்தன. ஜீக்கிலும் கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்சும் சேர்ந்து அமைத்த தோட்டங்களில் ஓய்வுபெற்ற மாவாலைக் கற்கள் நடைபாதையில் பதிக்கப்பட்டன. ஆனால் ஜீக்கில் அதோடு நிற்கவில்லை. தன் வட்டாரத்துக் குடிசைகளின் தட்டுமுட்டுச் சாமான்களையும் கருவிகளையும் தேடிச் சேர்த்தார், அவற்றைத் தாமே புகைப்படம் எடுத்தார், எது எதற்குப் பயன்பட்டது என்று எழுதி 1904-இல் மேற்கு சர்ரே வட்டாரத்தைப் பற்றிய நூலாக வெளியிட்டார். அந்தச் சேகரிப்பு கில்ட்போர்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. இந்த அலங்காரத்தின் தாய் என்று கொண்டாடப்படுபவரே பொருளோடு அதன் கதையையும் சேர்த்தே எடுத்துவைத்தார் என்பதை, அவரைப் பின்பற்றுகிறவர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

கீழை நாடுகளுக்கும் இது புதிதில்லை. 16-ஆம் நூற்றாண்டில் தேநீர்ச் சடங்கின் ஆசான் சென் நோ ரிக்யூ காலத்தில் உருப்பெற்ற ஜப்பானியத் தேநீர்த் தோட்டங்களில் பழைய கோவில் தூண்களின் அடிக்கல்லைக் குடைந்து கைகழுவும் தொட்டியாக்கினார்கள், தேய்ந்த திரிகைக் கல்லை நடைகல்லாகப் பதித்தார்கள். நமக்குப் பக்கத்தில் இலங்கையில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1948-இல் பெந்தோட்டைக்கு அருகே வாங்கிய ரப்பர்த் தோட்டத்தை லுனுகங்கா என்ற சோலையாக வாழ்நாள் முழுதும் செதுக்கினார், பழைய சாடியும் கதவும் சிலையும் அங்கே பார்வையை நிறுத்தும் புள்ளிகளாயின. கொழும்பில் அவர் தமக்கென அமைத்துக்கொண்ட வீட்டில் செட்டிநாட்டுத் தூண்கள் இருக்கின்றன. 1962-இல் அவர் முடித்துக்கொடுத்த கலைஞர் ஈனா டி சில்வாவின் வீட்டு முற்றத்தில் கருங்கல் ஆலைக்கற்கள் கிடந்தன. பின்னாளில் அந்த மனை கைமாறியபோது வீட்டையே பிரித்து, கல்லுக்கும் மரத்துக்கும் எண் போட்டு, லுனுகங்காவுக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டினார்கள். பழையதை மீட்டுக் கட்டிய வீடே மீட்கப்பட வேண்டிய பழையதாயிற்று. எண் போடாமல் பிரித்திருந்தால் அந்த வீடு வெறும் கல்லும் ஓடுமாகவே மிஞ்சியிருக்கும்.

இடைவெளி பற்றிய வாதத்தை நம் ஊர்ப் பொருள்களில் சோதித்துப் பார்க்கலாம். வட ஆற்காட்டுப் பக்கம் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்தது சுதந்திரத்துக்குப் பிறகும் நெடுநாள் நடந்தது. 1950-களிலும் 60-களிலும் மின்சாரம் கிராமங்களுக்கு வந்து பம்புசெட்டு பரவியதும் கவலைச் சாலும் வடமும் மறைந்தன. தோல் மக்கியது, இரும்பு எடைக்குப் போனது, உருளை மரம் அடுப்பில் எரிந்தது. கிணற்று மேட்டில் கல் மட்டும் நின்றது. ஆட்டுக்கல்லின் கதை இன்னும் தெளிவானது. கோயம்புத்தூரில் 1955-ஐ ஒட்டி மின்சாரத்தில் சுழலும் மாவரைக்கும் கல் உருவானது, 1960-களில் சுமீத் மிக்சி வந்தது. பணமுள்ள வீட்டில் முதலிலும், நடுத்தர வீட்டில் அடுத்தும் நுழைந்த அந்த இயந்திரங்கள், 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தால் குடிசைவரை போய்ச் சேர்ந்தன. அதற்குள் ஆட்டுக்கற்கள் தெருமுனையிலும் வேலியோரத்திலும் அநாதையாகக் கிடந்தன, தூக்கிப்போக ஆள் கிடைத்தால் போதும் என்ற நிலை. அம்மி கொத்தலையா என்று கூவிக்கொண்டு உளியோடு வந்தவர்கள் வராமல் போனார்கள். இன்று அதே கல்லைத் தோட்டக்கலைக் கடைகள் விலை சொல்லி விற்கின்றன. இடைவெளியைக் கடக்க அதற்குக் கைகொடுத்தது மக்களின் அன்பில்லை. கல் எரியாது, மக்காது, எடைக்கு வாங்குவாரும் இல்லை. அவ்வளவுதான்.

அப்படிப் பிழைத்த ஆட்டுக்கல் ஒன்றைக் கிட்டே குனிந்து பார்த்தால், அதை வெறும் பூந்தொட்டியாக்குவதில் என்ன இழக்கிறோம் என்பது புரியும். வலது கை குழவியைச் சுற்ற, இடது கை ஓரத்தில் ஒதுங்கும் மாவைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் மேல் விளிம்பின் ஒரு பக்கம் மற்றப் பக்கங்களைவிட வழவழப்பாகியிருக்கும். குழிக்குள் விரலால் தடவினால் உளி கொத்திய புள்ளிகள் தட்டுப்படும். அவை கூர்மையாக இருந்தால் கடைசியாகக் கொத்திய பிறகு அந்தக் கல்லில் அதிகம் அரைக்கவில்லை, வீட்டுக்கு கிரைண்டர் வந்துவிட்டது என்று பொருள். புள்ளியே தெரியாமல் மழமழவென்று இருந்தால், கொத்துகிறவருக்குக் கூலி கொடுக்க முடியாமலோ ஆள் கிடைக்காமலோ தேய்ந்த கல்லிலேயே ஒரு பெண் காலம் தள்ளியிருக்கிறாள். குழவியின் தலையிலுள்ள துளையில் மரப்பிடி செருகியிருந்த அடையாளமும் இருக்கும். ஒரு வீட்டுப் பெண்களின் பல பத்தாண்டு உழைப்புக்கு வேறு எழுத்துச் சான்று கிடையாது, இதுதான் அவர்கள் விட்டுப்போன பட்டயம். அதில் சிமெண்டைப் பூசி நீலச் சாயம் அடித்து அல்லி வளர்ப்பவர் அந்தப் பட்டயத்தை அழிக்கிறார் என்று கண்டிக்கலாம். ஆனால் தெருமுனையில் அதைப் போட்டுவிட்டுப் போனவர்களும் அதை வாசித்துப் பார்த்ததில்லை என்பதையும் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

மரம் அந்த இடைவெளியைத் தாண்டிய வட்டாரம் ஒன்று உண்டென்றால் அது செட்டிநாடு. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கட்டிய வீடுகளில் பர்மாத் தேக்கு குவிந்திருந்தது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததும் வருமானத்தின் வேர் அறுந்தது, 1960-களில் பர்மிய ராணுவ அரசின் தேசியமயமாக்கல் மிச்சத்தையும் முடித்தது. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமை கொண்டாடிய நிலையில் கூரையை மாற்றவும் முடியாமல், விற்கவும் முடியாமல், பல வீடுகள் பிரிக்கப்பட்டன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகள் அந்தப் பிரிவினையில் தழைத்தன. தூண், நிலை, கதவு, எனாமல் பாத்திரம், பீங்கான் சாடி எல்லாம் அங்கிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் போயின. தேக்கு என்பதால் கரையான் தொடவில்லை, விலையுயர்ந்தது என்பதால் யாரும் விறகாக்கவில்லை. ஆகவே செட்டிநாடு என் வாதத்தை மறுக்கவில்லை, அதற்கு ஒரு திருத்தத்தைச் சேர்க்கிறது. இடைவெளியைத் தாண்டுவதற்குக் கல்லாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பணக்காரரின் மரமாக இருக்க வேண்டும். நெசவாளியின் தறி கல்லும் இல்லை, பணக்காரர் வீட்டுத் தேக்கும் இல்லை.

பொதட்டூர்பேட்டைக்கு வருவோம். இந்த வட்டாரம் முன்பு கார்வேட்டிநகர் ஜமீனின் ஆட்சியில் இருந்தது. வட ஆற்காட்டிலிருந்து பிரிந்து 1911-இல் உருவான சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது, 1953-இல் ஆந்திர மாநிலத்துக்குள் போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் எல்லை நடுவர் படாஸ்கரின் பரிந்துரைக்கும் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு தமிழகத்துக்குத் திரும்பியது. எல்லைக்கோடு இடம் மாறினாலும் நெசவு அந்தக் கோட்டை மதிக்கவில்லை. இந்தப் பக்கம் பொதட்டூர்பேட்டையும் அம்மையார்குப்பமும், அந்தப் பக்கம் நகரியும் புத்தூரும் ஒரே நெசவுப் பட்டையின் ஊர்கள். தமிழும் தெலுங்கும் தறிமேட்டில் கலந்தே புழங்கின. இந்த ஊர்களில் கைத்தறி இருந்த இடத்தில் படிப்படியாக விசைத்தறி உட்கார்ந்தது. கைத்தறிக்கென 22 வகைத் துணிகளை ஒதுக்கி 1985-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது, பின்னாளில் அந்தப் பட்டியல் 11 ஆகச் சுருங்கியது. சட்டம் காகிதத்தில் நின்றது, விலை சந்தையில் நின்றது, சந்தை வென்றது. இன்று இந்தத் தெருக்களில் காதில் விழுவது விசைத்தறியின் இடைவிடாத சடசடப்பு. ஆகவே நெசவு இங்கே செத்துவிடவில்லை. செத்தது கையும் காலும் சேர்ந்து நெய்த முறை. தொழில் தொடர்வதாலேயே அந்தச் சாவை யாரும் துக்கமாகக் கொள்ளவில்லை, அதன் கருவிகளை எடுத்துவைக்கவும் தோன்றவில்லை.

குழித்தறியில் என்ன மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். தரையில் ஒரு குழி. நெசவாளி அதன் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிப்பலகையை மிதிப்பார். குழியின் ஈரமும் குளிர்ச்சியும் பாவு நூலை அறுந்துபோகாமல் காக்கும். கைக்கு எட்டும் தூரத்தில் நெய்த துணி சுருளும் படமரம், நூல் வரிசையைப் பிரிக்கும் விழுது, ஊடையை அடித்து நெருக்கும் அச்சு, ஊடை நூல் சுற்றிய தாரை வயிற்றில் வைத்துக்கொண்டு இடமும் வலமும் ஓடும் நாடா. வீட்டுப் பெண்கள் ராட்டையில் தார் சுற்றுவார்கள், விடியலில் தெருவில் நீளமாகப் பாவு விரித்துப் பசை போடுவார்கள். இப்போது இதில் எது தோட்டத்துக்கு வரும்? விழுது நூல், மக்கிவிடும். பழைய அச்சின் பற்கள் மூங்கில் சீவல், முறிந்துவிடும். சாதாரண மரத்தால் செய்த சட்டங்களும் மிதிப்பலகைகளும் ஒரு மழைக்காலம் வெளியே கிடந்தால் கரையானுக்குத்தான். பாவு விரித்த தெரு, தெருவாகவே இருக்கிறது. குழியோ ஒரு வெற்றிடம், அதன்மேல் சிமெண்டுத் தரை போட்டதும் இருந்த சுவடே இல்லை. ஆட்டுக்கல் இருக்கும் தோட்டத்தில் தறி இல்லாததற்குக் காரணம் இதுதான். தோட்டம் கல்லை நினைவில் வைத்துக்கொள்கிறது, நூலையும் குழியையும் மறக்கிறது. பழம்பொருள் அலங்காரத்தைப் பார்த்து நம் முன்னோர் வாழ்க்கையை ஊகிக்கிறவர், அரைத்தவர்களையும் வண்டியோட்டியவர்களையும் காண்பார், நெய்தவர்களைக் காணமாட்டார்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. முதுகு வளைய மாவாட்டியதும், குழிக்குள் கால் மரத்துப்போக நெய்ததும் கொண்டாட வேண்டியவையா? கிரைண்டர் வந்தபோது பெண்கள் மகிழ்ந்தார்கள், விசைத்தறிக்கு மாறியபோது பல நெசவாளிகள் கடன் தீருமென்று நம்பினார்கள். அவர்கள் விட்டொழித்த பாரத்தைப் பணக்காரர்கள் புல்தரையில் வைத்து ரசிப்பது பாடுபட்டவர்களைக் கேலி செய்வதாகாதா? இந்தக் கேள்வியின் சினம் நியாயமானது, அதிலிருந்து எடுக்கும் முடிவு பிழையானது. பாடு கொடியது என்றால் அதன் சாட்சியை அழிப்பது பாடுபட்டவருக்குச் செய்யும் மரியாதையாகிவிடாது. அரைத்த கைகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் அல்லி மிதக்கும் ஆட்டுக்கல் கேலிதான். யார், எத்தனை பேருக்கு, நாளுக்கு எத்தனை நாழிகை அரைத்தார்கள் என்று சொல்லும் ஆட்டுக்கல் சாட்சி. இது பணக்காரர் ரசனை மட்டும் என்பதும் சரியில்லை. சண்டிகர் என்ற புது நகரம் எழுவதற்காக இடிக்கப்பட்ட கிராமங்களின் உடைசல்களைச் சைக்கிளில் சுமந்து, 1957 வாக்கில் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் தோட்டம் கட்டத் தொடங்கிய நேக் சந்த் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளர். 1976-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அவருடைய பாறைத் தோட்டத்தில் உடைந்த வளையலும் கழிவறைப் பீங்கானும் உருவங்களாக நிற்கின்றன. திட்டமிட்ட நகரம் துடைத்துப்போட்ட கிராமங்களின் பொருள்கள் அந்த நகரத்துக்குள்ளேயே நிற்கும் இடம் அதுதான். அதை உருவாக்கியவர் ஒரு சாதாரண ஊழியர்.

இன்னொரு மறுப்பு: தோட்டத்தில் எதற்கு, அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டியதுதானே? நல்ல கேள்வி. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தென்னகத்தின் பல வகை வீடுகளை மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் அவற்றில் ஒன்று. தறியை வீட்டோடும் திண்ணையோடும் சேர்த்துப் பார்க்க அது உதவுகிறது. ஆனால் ஒவ்வொரு நெசவூருக்கும் ஓர் அருங்காட்சியகம் கட்ட அரசிடமும் பணமில்லை, பராமரிக்க ஆளும் இல்லை. தவிர, அருங்காட்சியகத்துக்குப் போனால் காஞ்சிப் பட்டுக்கு இடம் கிடைக்கும், எல்லையோரத்து ஊர் நெய்த அன்றாட உடுதுணிக்குக் கிடைப்பது கடினம். பொருள் தன் ஊரில், தன் தெருவில், அதை அறிந்தவர்கள் கண்பட இருப்பதே பழைய கொல்லையின் பலம். அந்தப் பலத்தை அருங்காட்சியகத்தால் தர முடியாது, விடுதித் தோட்டத்தாலும் தர முடியாது.

மூன்றாவது மறுப்பு, மறுப்பு என்பதைவிட எச்சரிக்கை. பழையதைத் தேடிப் போகும் ஆசை சட்டென்று கோவில் கல்லிலும் நடுகல்லிலும் போய் நிற்கும். திருத்தணியிலேயே, மலைக்குக் கீழே, 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பல்லவ மன்னன் அபராஜிதன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் எழுப்பிய வீரட்டானேசுவரர் கோவில் இருக்கிறது. யானையின் பின்புறம் போல் வளைந்த அமைப்புள்ள அந்தக் கற்றளியில் மன்னனே இயற்றிய வெண்பாவும் பொறிக்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்ட வட்டாரத்தில் எழுத்துள்ள துண்டுக் கல்லோ வீரன் உருவம் செதுக்கிய பலகைக் கல்லோ வயலில் கிடைத்தால் அது தோட்டத்துக்குரியதன்று. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பமும் கல்வெட்டும் கட்டடத்திலிருந்து பெயர்த்த பொருளும் தொல்பொருள்களே. அவற்றை விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. சட்டம் இருக்கட்டும். வழிபாட்டிலோ ஊர் நினைவிலோ உயிரோடிருக்கும் கல்லுக்கு வேலை இன்னும் ஓயவில்லை. இந்தக் கட்டுரை பேசுவது வேலை ஓய்ந்தவற்றைப் பற்றி மட்டும்.

அதே கோவில் மரபு நமக்கு ஒரு நல்ல முன்மாதிரியையும் வைத்திருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டில் சோழ அரசி செம்பியன் மாதேவி திருக்கோடிகாவல் கோவிலைக் கற்றளியாக எடுத்துக் கட்டினார். பழைய கட்டடத்தில் கிடந்த கற்களில் இருந்த பல்லவர் காலச் சாசனங்களைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டவைத்தார், இது பழங்கல்லின் படி என்ற குறிப்போடு. பழையதைப் பிரிக்கிறவர் அது சொன்னதையும் சேர்த்து எடுத்துப்போக வேண்டும் என்ற நெறியை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த மண் கடைப்பிடித்திருக்கிறது. ஈனா டி சில்வா வீட்டுக் கல்லுக்கு எண் போட்டவர்களும், குடிசைச் சாமானின் பயனை எழுதிவைத்த ஜீக்கிலும் செய்தது இதையேதான். மீட்டெடுத்த பொருள் அலங்காரமா வரலாறா என்பதைப் பழமையோ அழகோ விலையோ தீர்மானிப்பதில்லை. அதனோடு ஒரு குறிப்பு வந்ததா என்பதே தீர்மானிக்கிறது.

பொதட்டூர்பேட்டை போன்ற ஊர் செய்யக்கூடியது இங்கிருந்து தெளிவாகிறது. அதற்குப் பெருஞ்செலவும் இல்லை. குழித்தறியில் நெய்தவர்கள் இன்னும் இருக்கும்போதே, பரணிலும் கொட்டகையிலும் கிடக்கும் நாடா, படமரம், மிதிப்பலகை, ராட்டை ஆகியவற்றுக்கு உரியவர் பெயர், நெய்த துணி, தறி நின்ற ஆண்டு மூன்றையும் அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு பள்ளி வளாகமோ கூட்டுறவுச் சங்க முற்றமோ போதும். மரத்தை வெயிலிலும் மழையிலும் போடாமல் சிறு கூரைக்குக் கீழே வைக்கலாம். கரையான் ஏறாமலிருக்கத் தெருவோரத்து உரலையும் ஆட்டுக்கல்லையும் கவிழ்த்து அவற்றின்மேல் தறிச் சட்டத்தை நிறுத்தலாம். ஆங்கிலேயர் களஞ்சியத்தை எலியிடமிருந்து காத்த அதே உத்தி, நம் கல்லுக்கும் மறுபடி ஒரு வேலை. ஒரு குழியை மட்டுமாவது மூடாமல் விட வேண்டும், ஏனென்றால் அதைப் பின்னாளில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. சுற்றிலும் செடி வைப்பதும் பூ வைப்பதும் அவரவர் ரசனை. இப்போது சடசடக்கும் விசைத்தறிகளும் நாடா இல்லாத புதுத் தறிகளுக்கு வழிவிட்டு ஒருநாள் இரும்பு விலைக்குப் போகும். அவற்றில் இரவுபகலாக நின்றவர்களின் பெயர்களை அந்த எடைத்தட்டு கேட்கப்போவதில்லை. கைத்தறிக்கு இப்போது எழுதப் பழகிக்கொண்ட ஊர்தான் விசைத்தறி போகும்போது எழுதாமல் விடாது.